வந்த வழியில் விசாரிக்காதீர்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தொழில் வளர்ந்ததே ஆளைப் பார்த்து, பழக்கத்தைப் பார்த்துத்தான். சத்திரப்பட்டி விசைத்தறிகளில் ஓடும் பேண்டேஜ் துணியும், தளவாய்புரத்தில் தைக்கும் நைட்டியும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வெளியூர் போவதற்கு ஒவ்வொரு முறையும் யாரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்ததில்லை. “அவரு நம்ம ஆளு, பணம் வந்துரும்” என்ற ஒரு சொல்லில் சரக்கு நகர்ந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல வருடப் பழக்கம் இருந்தது. ஏமாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற பயமும் இருந்தது. இன்று அதே ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, அதே பணம் யுபிஐயில் வருகிறது. சோழபுரம் போன்ற கிராமங்களில் இருந்து மில் வேலைக்குப் போகிறவரின் சம்பளமும் வங்கிக் கணக்கில் ஏறி, போன் வழியாகவே செலவாகிறது. 2016 ஏப்ரலில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அறிமுகப்படுத்திய யுபிஐயில், 2025 ஆகஸ்டு மாதம் மட்டும் 2000 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தன. வியாபாரம் போனுக்குள் வந்துவிட்டது. ஆளை அடையாளம் காணும் பழைய ஏற்பாடு கூடவே வரவில்லை. ஏமாற்றுக்காரர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

இதற்கு மருந்தாக நமக்குக் கிடைப்பவை நீளமான அறிவுரைப் பட்டியல்கள். ஓடிபியைச் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே, கடவுச்சொல்லைக் கடினமாக வை என்று அவை சொல்கின்றன. ஒவ்வொன்றும் சரியான அறிவுரைதான். ஆனால் பட்டியல் நேற்று நடந்த மோசடியைப் பார்த்து எழுதப்படுகிறது. மோசடிக்காரர் நாளைக்கானதை யோசிக்கிறார். ஓடிபியைச் சொல்லக் கூடாது என்று மக்கள் கற்றுக்கொண்டதும், நாம் சொல்லாமலேயே குறுஞ்செய்தியைப் படித்துவிடும் செயலியை அனுப்பத் தொடங்கினார்கள். தெரியாத எண்ணை நம்பாதே என்று கற்றுக்கொண்டதும், தெரிந்தவரின் வாட்ஸ்அப் கணக்கையே கைப்பற்றி அதிலிருந்து பேசினார்கள். எனவே பட்டியலை மேலும் நீட்டுவதைவிட, எல்லா அறிவுரைக்கும் அடியில் இருக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொள்வது மேல். ஒரு செய்தி எந்த வழியாக வந்ததோ, அதே வழியில் அதைச் சரிபார்க்கக் கூடாது. வேறொரு வழியில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தில் கை வைக்க வேண்டும்.

மொத்த வியாபாரிகளைக் குறிவைக்கும் ஒரு தந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் பல ஊர்களில் ஒரே மாதிரி நடந்துவருவது இது. ராணுவ அதிகாரி அல்லது மத்தியப் படை வீரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைப்பார். முகாமுக்கு இத்தனை நைட்டி வேண்டும், அல்லது இத்தனை கிலோ இனிப்பு வேண்டும் என்பார். விலையில் பேரம் பேசமாட்டார். சந்தேகப்பட்டால் சீருடையில் எடுத்த படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்துவிழும். பிறகு, “எங்க அக்கவுண்ட்ஸ்ல ஒரு முறை இருக்கு. நீங்க முதல்ல ஒரு ரூபாய் அனுப்புங்க, நாங்க ரெண்டு ரூபாயாத் திருப்பி அனுப்புவோம்” என்பார். ஒரு ரூபாய் அனுப்பினால் உண்மையிலேயே இரண்டு ரூபாய் வரும். நம்பிக்கை வந்துவிடும். அடுத்து ஒரு கியூஆர் கோடு வரும். “முழுத் தொகையும் வாங்க இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க” என்பார். போட்ட நொடியில் நம் கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

இதில் வேலை செய்வது தொழில்நுட்ப வித்தை எதுவும் இல்லை. யுபிஐ பின் என்பது பணம் அனுப்பவும் இருப்புத்தொகை பார்க்கவும் மட்டுமே. பணம் வாங்க பின் தேவையில்லை, ஸ்கேனும் தேவையில்லை. பின் கேட்கும் திரையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே நம் வங்கியின் பெயர் இருக்கும். அதன் கீழே யாருக்குப் போகிறது என்ற பெயரும், எவ்வளவு என்ற தொகையும் இருக்கும். அதற்கும் கீழேதான் பின் போடும் கட்டங்கள். உண்மை முழுவதும் அந்தத் திரையிலேயே எழுதியிருக்கிறது. காதில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதால் கண் அதைப் படிப்பதில்லை. திரை ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் மோசம். முக்கியமான பணச் செயலிகள் தமிழில் வருகின்றன. அமைப்புப் பகுதியில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களின் போனை ஆங்கிலத்திலேயே விட்டுவைப்பது, நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய தவறு என்றே நினைக்கிறேன். தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் யுபிஐ வழியாகப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. மோசடிக்கு அதிகம் பயன்பட்ட ஒரு கதவு மூடப்பட்டது நல்லதுதான். கியூஆர் என்ற கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.

விதியை இங்கே வைத்துப் பார்க்கலாம். அடையாள அட்டை, சீருடைப் படம், கியூஆர் மூன்றும் அதே ஆள் அதே வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. அவர் அனுப்பிய ஒன்றை அவர் அனுப்பிய இன்னொன்றால் சரிபார்ப்பது விசாரணை ஆகாது. அவரிடம் ஜிஎஸ்டி எண் கேட்டு, அதை ஜிஎஸ்டி தளத்தில் நாமே போட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பெயர் வரும். அது வேறு வழி. அந்த நிறுவனத்தின் அலுவலக எண்ணை நாமே தேடியெடுத்து அழைப்பது வேறு வழி. நம் வங்கிக் கணக்கைத் திறந்து முன்பணம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் வேறு வழி. பணம் போட்டுவிட்டதாக வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் அவர் போனில் இருந்து வருவது. அதைப் போலியாகத் தயாரிக்கச் செயலிகளே இருக்கின்றன. கடைகளில் “ரூபாய் நூறு பெறப்பட்டது” என்று தமிழில் அறிவிக்கும் சின்ன ஒலிப்பெட்டி இவ்வளவு வேகமாகப் பரவியதன் காரணமும் இதுதான். அந்தச் செய்தி வாடிக்கையாளரின் போன் வழியாக வருவதில்லை, பணச் சேவை நிறுவனத்திடம் இருந்து கடைக்கு நேராக வருகிறது. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருப்பவரால் ஒவ்வொருவரின் திரையையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒலிப்பெட்டி அவருக்காக வேறு வழியில் விசாரித்துச் சொல்லிவிடுகிறது.

விற்பவருக்குப் பொருந்துவது வாங்குபவருக்கும் பொருந்தும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜபாளையம் நாய் 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. பெயருக்குச் சந்தை இருந்தால் அந்தப் பெயரில் போலி விளம்பரம் போட ஆளும் இருப்பார்கள். முகநூலில் அழகான குட்டியின் படம், குறைந்த விலை, “அட்வான்ஸ் போட்டா வண்டியில ஏத்திருவோம்” என்ற பேச்சு இருந்தால், முதலில் வீடியோ அழைப்பில் குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்புக்கு ஆர்டர் கொடுப்பதானால், முன்பு வாங்கிய டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வரும் எண்ணை அழைப்பது ஆபத்தான பழக்கம். போலி எண்களை அங்கே ஏற்றிவைப்பது மோசடிக்காரர்களின் வாடிக்கையான வேலை. ஏடிஎம் அட்டையின் பின்புறமும் வங்கிப் புத்தகத்திலும் எண் இருக்கிறது.

அடுத்து ஏபிகே கோப்புகள், அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்புகள். போக்குவரத்து விதியை மீறியதற்கு அபராதம், பிஎம் கிசான் தவணை, கல்யாணப் பத்திரிகை என்று விதவிதமான பெயர்களில் இவை வாட்ஸ்அப்பில் வருகின்றன. தொட்டால் ஒரு செயலி நிறுவப்படும். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கியில் இருந்து வரும் ஓடிபி நேராக மோசடிக்காரரிடம் போய்விடும். பாதிக்கப்பட்டவரின் வாட்ஸ்அப்பையும் பிடித்துக்கொண்டு, அவர் இருக்கும் சொந்தக்காரர் குழுவுக்கும் தெருக் குழுவுக்கும் அதே கோப்பு போகும். நமக்கு வருவது சித்தப்பாவின் பெயரில். “சித்தப்பாதானே அனுப்பியிருக்கிறார்” என்று தொடுகிறவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் நம்பியது செயலியை அல்ல, சித்தப்பாவை. ஆனால் கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும், செயலியாக வராது. அறியப்படாத இடத்தில் இருந்து செயலியை நிறுவ அனுமதிக்கிறீர்களா என்று ஆண்ட்ராய்டு போன் நின்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் பின்வாங்கிவிடுங்கள். அபராதம் உண்மையா என்பதைப் பரிவாகன் அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நாமே பார்க்கலாம். தவறித் தொட்டுவிட்டால் உடனே போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, வேறு போனில் இருந்து வங்கிக்கும், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். செயலியை நீக்குவது அதற்குப் பிறகு.

வாட்ஸ்அப் கணக்கைக் காப்பாற்றும் வழி எளிது. அமைப்புப் பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தைத் திறந்து, நாம் இணைக்காத கணினி எதுவும் இருந்தால் வெளியேற்ற வேண்டும். நண்பர் அவசரமாகப் பணம் கேட்டால் வாட்ஸ்அப்பிலேயே பதில் எழுதிக் கேட்காமல், நம்மிடம் உள்ள எண்ணுக்குச் சாதாரண அழைப்பில் பேச வேண்டும். இப்போது குரலையும் செயற்கை நுண்ணறிவால் நகல் எடுக்கிறார்கள். எனவே வந்த அழைப்பில் கேட்கும் குரலும் போதாது. வைத்துவிட்டு நாமே திரும்ப அழைப்பதுதான் விசாரணை.

இந்த விதி எவ்வளவு சரியானது என்பதற்கு மோசடிக்காரர்களே சாட்சி. ‘டிஜிட்டல் கைது’ என்ற மிரட்டலைப் பாருங்கள். உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதாரில் கறுப்புப் பணக் கணக்கு இருக்கிறது என்று சிபிஐ, சுங்கத்துறை, மும்பைக் காவல்துறை ஆகியவற்றின் பெயரைச் சொல்லி வீடியோ அழைப்பு வரும். பின்னால் காவல் நிலையம் போன்ற அறை, முன்னால் சீருடை. அவர்கள் போடும் நிபந்தனைகள் இரண்டுதான்: அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. மணிக்கணக்கில், சிலரை நாள்கணக்கில் இப்படிக் கட்டிப்போடுகிறார்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டால், மகளுக்கு ஒரு போன் போட்டால், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு நடந்து போனால் எல்லாம் கலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். வேறு வழிகளை அடைப்பதுதான் அவர்களின் தொழில். இந்தியச் சட்டத்தில் வீடியோ அழைப்பில் கைது செய்யும் முறையே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரும் தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். இணைய மோசடியில் 2023இல் இந்தியர்கள் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் அது சுமார் 22,845 கோடி என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மும்மடங்கு. எச்சரிக்கைப் பட்டியல்கள் பெருகிய அதே காலத்தில்தான் இதுவும் பெருகியிருக்கிறது.

இவ்வளவு விசாரிக்க நேரம் எங்கே இருக்கிறது என்று வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் விசாரிக்கச் சொல்லவில்லை. டீக்கு இருபது ரூபாய் கொடுக்கும்போது யாரும் விசாரிக்க வேண்டாம். புதியவர் ஒருவர் நம்மிடம் இருந்து பணம் போகும்படி கேட்கிறாரா, புதுச் செயலி ஒன்றை நிறுவச் சொல்கிறாரா, இப்போதே செய், யாரிடமும் சொல்லாதே என்று அவசரப்படுத்துகிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நிற்க வேண்டும். உண்மையான வாடிக்கையாளர் பத்து நிமிடம் பொறுப்பார். பொறுக்காதவரின் ஆர்டரை இழப்பதில் நஷ்டம் இல்லை.

வயதானவர்களுக்கு எதற்கு ஸ்மார்ட்போன், வாங்கி வைத்துவிடலாமே என்பது இன்னொரு வாதம். இதை நான் ஏற்கவில்லை. முதியோர் உதவித்தொகையும், 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயும் வங்கிக் கணக்குக்குத்தான் வருகின்றன. வெளிநாட்டில் இருக்கும் பேரனின் முகமும் அந்தப் போனில்தான் தெரிகிறது. போனைப் பறித்தால் அந்தப் பணத்தைப் பார்க்கக்கூட அவர்கள் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். அந்த அடுத்தவர் எப்போதும் நல்லவராக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செய்யக்கூடியது வேறு. சேமிப்பு இருக்கும் கணக்கை யுபிஐயில் இணைக்காமல், செலவுக்கென்று சின்னக் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதை மட்டும் இணைத்துக் கொடுங்கள். அதில் சில ஆயிரம் மட்டும் இருக்கட்டும். ஏமாந்தாலும் போவது அவ்வளவுதான். இது வயதானவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் நல்லது.

இதெல்லாம் வங்கியும் அரசும் செய்ய வேண்டியது, பாமரர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்பதுதான் இருப்பதிலேயே வலுவான மறுப்பு. பெருமளவு உண்மை. திருட்டுப் பணம் போய்ச் சேர்வது ஏதோ ஒரு வங்கிக் கணக்குக்குத்தான். அந்தக் கணக்கை ஒரு வங்கி தொடங்கிக் கொடுத்திருக்கிறது, அந்த சிம் அட்டையை ஒரு நிறுவனம் விற்றிருக்கிறது. அவர்களை விடாமல் கேட்க வேண்டும். ஆனால் இப்போதுள்ள விதி என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் மூன்றாவது ஒருவரால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் நாம் புகார் சொல்லிவிட்டால், நமக்குப் பொறுப்பு இல்லை. வங்கி ஈடு செய்ய வேண்டும். நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை ஏற்பட்ட நஷ்டம் நம்முடையது. புகாருக்குப் பிறகு ஏற்படுவது வங்கியுடையது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நம் உரிமை புகார் சொல்லும் நேரத்தைப் பொறுத்தே இருக்கிறது.

அதனால்தான் 1930 என்ற எண் இவ்வளவு முக்கியம். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்காது. சில நிமிடங்களில் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரித்து மாற்றி, எங்காவது ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். 1930க்குச் சொன்னால் தகவல் பொதுக் கணினி அமைப்பில் ஏறி, பணம் போன வங்கிக்குச் செல்லும். அங்கே இன்னும் மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்க முடியும். கையில் இருக்க வேண்டியவை: பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், தொகை, நேரம், போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். விருதுநகர் மாவட்டத்துக்கென்று சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. போன் தொலைந்துபோனால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கலாம். நம் பெயரில் எத்தனை சிம் வாங்கப்பட்டிருக்கின்றன என்றும் அங்கேயே பார்க்கலாம். போனை முடக்கத் தேவையான ஐஎம்இஐ எண்ணை, *#06# என்று டயல் செய்து இன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

பேராசைப்பட்டவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்ற பேச்சுதான் புகாரைத் தாமதப்படுத்துகிறது. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான், தெருவில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று பயந்து ஒருவர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்துவிட்டு மறுநாள் மாலையில் சொல்லும்போது, பணம் நாலு மாநிலம் தாண்டியிருக்கும். எதிரில் இருப்பது தனியொரு திருடன் அல்ல. கம்போடியாவிலும் மியான்மரிலும் கம்பிவேலிக்குள் மோசடி முகாம்கள் நடக்கின்றன. கணினி வேலை என்று நம்பிப் போய் அங்கே அடைபட்ட தமிழ் இளைஞர்கள் 2022இல் மீட்டு அழைத்துவரப்பட்டார்கள். வசனம் எழுதி, பயிற்சி கொடுத்து, ஷிப்ட் முறையில் நடத்தும் தொழிற்சாலையிடம் ஒரு பால்காரரோ தையல்காரரோ தோற்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியதும் பயப்பட வேண்டியதும் வேறொன்று இருக்கிறது. “உன் அக்கவுண்ட்ட கொஞ்ச நாள் குடு, கமிஷன் தர்றேன்” என்று கேட்பவரிடம் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடுக்கும் இளைஞர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடுகிறது. முதலில் கணக்கு முடங்கும், பிறகு வேறு மாநிலத்துக் காவல்துறை வீட்டு வாசலுக்கு வரும். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கணக்கைக் கொடுத்தவரும் அந்த வழக்கில் சேர்க்கப்படலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை வெளிப்படையாகப் பேசுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருடைய போனையும் எடுத்து வையுங்கள். பணச் செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள், 1930ஐ ஒவ்வொரு போனிலும் பதிந்து கொடுங்கள். பணம் போய்விட்டது என்று யாராவது வந்து சொன்னால், “எப்படிப்பா ஏமாந்த?” என்று கேட்காதீர்கள். முதலில் அந்த எண்ணுக்கு அழையுங்கள்.